ஐம்பதுகளின் பிரிட்டிஷ் ஜாஸ்: 78-ஆ, ஈ.பி.யா, எல்.பி.யா? எதைச் சேர்ப்பது, எப்படிப் பகிர்வது

பிரிட்டனில் ஐம்பதுகளில் பதிவான ஜாஸைச் சேர்க்கத் தொடங்குபவரை முதலில் திணறவைப்பது விலை அல்ல, வடிவம். அந்தப் பத்தாண்டில் ஒரே இசை நான்கு உருவங்களில் கடைக்கு வந்தது: நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டு, 45 சுற்று ஓடும் ஏழு அங்குல ஈ.பி., 33⅓ சுற்றில் பத்து அங்குல எல்.பி., அதே வேகத்தில் பன்னிரண்டு அங்குல எல்.பி. டெக்கா நிறுவனம் 1950 ஜூனில் பிரிட்டனுக்கு எல்.பி.யைக் கொண்டுவந்தது. பார்லோஃபோன், கொலம்பியா, ஹெச்.எம்.வி. லேபிள்களை வைத்திருந்த இ.எம்.ஐ. 1952 அக்டோபர் வரை காத்திருந்தது. 78 தட்டு 1960-ஐ ஒட்டித்தான் நின்றுபோனது. ஆகவே நான்கும் ஒன்றோடொன்று கலந்தே ஓடின. இன்று இவற்றோடு ஐந்தாவதாக மறுவெளியீடுகளும் சேர்ந்துகொண்டன.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். டப்பி ஹேய்ஸ், ரானி ஸ்காட், ஜோ ஹாரியட் போன்ற மாடர்ன் பக்கத்து, அதாவது பீபாப் வழி ஆட்களைத் தேடுபவர் ஈ.பி.யில் தொடங்கட்டும். கென் காலியர், கிறிஸ் பார்பர், ஹம்ஃப்ரி லிட்டல்டன் போன்ற டிராட் பக்கத்து, அதாவது பழைய நியூ ஆர்லியன்ஸ் வழி ஆட்களைத் தேடுபவர் பத்து அங்குலத்தில் தொடங்கட்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேரே ஓடுவது டெம்போ என்ற லேபிளின் பன்னிரண்டு அங்குல எல்.பி.யை நோக்கி. பணம் கரைவது அங்கேதான். 78 தட்டின் கதை வேறு: மிகக் குறைந்த விலை, மிக அதிக வேலை.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, நீங்கள் கேட்க விரும்பும் இசை அந்த வடிவத்தில் இருக்கிறதா என்பது. கேட்கச் சாதாரணமாக இருந்தாலும் பலர் இதைத்தான் தவறவிடுகிறார்கள். பிரிட்டிஷ் நிறுவனங்கள் ஒரு அமர்வில் பதிவானதைத் துண்டு துண்டாகப் பிரித்து வெளியிட்டன. இரண்டு உருப்படி 78-இல், நான்கு ஈ.பி.யில், மிச்சம் எல்.பி.யில் என்று சிதறிக் கிடக்கும்.

இரண்டாவது, அதை ஒழுங்காக ஓட்ட என்ன கருவி வேண்டும். மூன்றாவது, தட்டின் விலைக்கு மேல் தபால், சுத்தம், ஊசி, ஏமாற்றம் என்று எவ்வளவு ஏறும். ஏமாற்றம் என்றது, பார்க்கப் புதிதாக இருந்தும் ஓட்டினால் கரகரக்கும் தட்டுகளை. நான்காவது, அது கண்டம் கடந்து உடையாமல் வந்து சேருமா. ஐந்தாவது, கேட்டதை மற்றவருக்குத் தரமுடியுமா. தனக்கு மட்டும் என்று வைத்திருப்பவருக்கு இந்தக் கடைசிக் கேள்வி தேவையில்லை. ஆனால் இந்த இசையில் கணிசமான பகுதி எழுபது ஆண்டாக எங்கும் மறுபடி வராமல் கிடக்கிறது. அதைக் கையில் வைத்திருப்பவர் பகிராவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

## 78: அரக்குத் தட்டு

ஐம்பதுகளின் முதல் பாதிக்கு இதுவே மூலம். டிரம்மர் கார்லோ கிராமரும் பீட்டர் நியூப்ரூக்கும் 1947-இல் தொடங்கிய எஸ்கொயர் லேபிள், எமில் ஷாலிட் தொடங்கிய மெலோடிஸ்க் லேபிள், லிட்டல்டனின் பார்லோஃபோன் தட்டுகள், 1950-இல் கூடிய ஜானி டாங்க்வொர்த்தின் எழுவர் குழு எல்லாம் முதலில் 78-ஆகவே வந்தன. லிட்டல்டனின் "பேட் பென்னி ப்ளூஸ்" பார்லோஃபோன் ஆர் 4184 என்ற எண்ணில் 1956-இல் வந்து விற்பனைப் பட்டியலில் 19-ஆம் இடம் வரை ஏறியது. தயாரிப்பு டெனிஸ் பிரெஸ்டன், ஒலிப்பதிவு ஜோ மீக். ஓரளவு விற்ற இப்படிப்பட்ட டிராட் 78 இன்றும் ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும். எஸ்கொயரின் மாடர்ன் தட்டுகளுக்கு அதைவிடக் கூடும். 1958-க்குப் பிறகு வந்த 78 எதுவானாலும் விலை ஏறும், ஏனென்றால் அப்போது குறைவாகவே அச்சிட்டார்கள்.

விலை குறைவு என்பதோடு நல்ல செய்தி முடிகிறது. 78-இன் பள்ளம் அகலமானது. அதற்கு 3 மில், அதாவது சுமார் 75 மைக்ரான் முனையுள்ள ஊசி வேண்டும். எல்.பி. ஊசி 0.7 மில் அல்லது 1 மில்தான். அதை 78-இல் வைத்தால் பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் தூசியில் உருளும், இரைச்சல்தான் கேட்கும். தலைகீழாக, 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் அந்த எல்.பி. அன்றோடு முடிந்தது. ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசைக் கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கும் பகுதி) உடலை விட்டுவிட்டு ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம், 78-க்கான எஸ்.பி. ஊசி தனியாகக் கிடைக்கிறது. ஆரம்பத்துக்கு இதுவே சிக்கனமான வழி. ஊசி மாற்றியதும் அது தட்டை அழுத்தும் எடையையும் மாற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 78 ஊசிக்கு அதன் தாளில் குறித்த எடையே வேண்டும், அது பெரும்பாலும் எல்.பி. எடையைவிட அதிகமாகவே இருக்கும்.

அடுத்த சிக்கல் ஒலிச்சமன். தட்டில் பதியும்போது கீழ் ஒலியைக் குறைத்து உச்ச ஒலியை ஏற்றுவது வழக்கம், ஓட்டும்போது ஊசியின் ஒலியைப் பெருக்கும் பிரீஆம்ப் அதைத் திருப்பிச் சரிசெய்யும். இந்த ஏற்ற இறக்க அளவுக்குத்தான் வளைவு என்று பெயர். இன்றைய பிரீஆம்ப் எல்லாம் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற வளைவுக்குச் செய்தவை, 10,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 13.7 டெசிபல் குறைக்கும். ஐம்பதுகளின் தொடக்கத்து இ.எம்.ஐ. 78-இல் உச்ச ஒலியை அப்படி ஏற்றிப் பதியவே இல்லை, கீழ் ஒலியின் திருப்பமும் (குறைப்பு தொடங்கும் இடம்) 250 ஹெர்ட்ஸில். அதை ஆர்.ஐ.ஏ.ஏ. வழியாகக் கேட்டால் சிம்பல் காணாமல் போகும், பாஸ் மட்டும் உப்பி நிற்கும். "பழைய ரெக்கார்டு என்றால் மந்தமாகத்தான் இருக்கும்" என்று பலர் நம்புவது இதனால்தான். குற்றம் தட்டில் இல்லை. 1955-இல் வந்த பிரிட்டிஷ் தரம் 78-க்கு 353 ஹெர்ட்ஸ் திருப்பமும் 3,180 ஹெர்ட்ஸுக்கு மேல் உச்சத்தில் ஏற்றமும் வகுத்தது. ஆகவே 1956-இன் தட்டுக்கும் 1951-இன் தட்டுக்கும் ஒரே வளைவு பொருந்தாது. ஆடாசிட்டி மென்பொருளில் வளைவை நீங்களே வரைந்துகொள்ளலாம்.

78 வேகம் இல்லாத டர்ன்டேபிள்தான் இருக்கிறதா? 45-இல் ஓட்டிப் பதிந்து, கணினியில் 73.33 சதவீதம் வேகம் கூட்டலாம். ஆனால் ஆர்.ஐ.ஏ.ஏ. பிரீஆம்ப் வழியாகப் பதிந்திருந்தால் வேகம் மாற்றும் முன்பே அந்த வளைவைத் தலைகீழாகப் போட்டு நீக்க வேண்டும், வேகம் கூட்டிய பிறகே 78-இன் வளைவைப் போட வேண்டும். இந்த வரிசை பிசகினால் ஒலி எந்தத் திருத்தத்துக்கும் அடங்காது.

சுத்தம் செய்வதில் ஒரே ஒரு கட்டளை: ஆல்கஹால் கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். கடையில் விற்கும் வினைல் திரவங்கள் பலவற்றில் அது இருக்கிறது, புட்டியின் மேல் எழுதியதைப் படியுங்கள். காய்ச்சி வடித்த நீரில் நுரைக்காத சோப்பு இரண்டு சொட்டு, மென்தூரிகை, உடனே துடைத்து உலர்த்துதல், இவ்வளவு போதும். லேபிள் நனையக் கூடாது.

பத்து அங்குல 78 ஒன்று சுமார் 200 கிராம். நூறு சேர்த்தால் 20 கிலோ. தபாலில் வரவழைத்தால் உடைவதே வழக்கம், முழுதாக வருவது முறையாகக் கட்டினால் மட்டுமே. தட்டைவிட ஒரு அங்குலமாவது பெரிய நெளிஅட்டை இரண்டுக்கு நடுவே வைத்து ஒட்டி, அதைப் பெட்டிக்குள் சுற்றிலும் 5 செ.மீ. பஞ்சு அல்லது காகிதத் திணிப்போடு வைக்கச் சொல்லுங்கள். ஒரு பெட்டியில் பத்துக்கு மேல் வேண்டாம். பணம் அனுப்பும் முன்பே விற்பவரிடம் இதை எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்வது நல்லது.

தட்டின் நிலையைக் குறிக்க 78 உலகில் பலர் கைக்கொள்வது 1953-இல் தொடங்கிய விண்டேஜ் ஜாஸ் மார்ட் இதழின் முறை: என், இ, வி, ஜி, எஃப், பி என்று இறங்கும். "இ" என்றால் தைரியமாக வாங்கலாம். "வி" என்றால் தேய்மானம் கேட்கும், ஆனாலும் அனுபவிக்கலாம். "ஜி" என்ற எழுத்தை ஆங்கிலச் சொல்லின் பொருளில் நம்பிவிடாதீர்கள், அந்த நிலைத் தட்டு வேறெங்கும் கிடைக்காததாக இருந்தால் மட்டுமே வாங்கத் தகும்.

அரக்கின் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தே உலகுக்குப் போனது என்பதையும், கொல்கத்தாவின் டம்டம் ஆலையில் அறுபதுகளிலும் 78 அச்சிட்டார்கள் என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். பீட்டில்ஸ் பாடல்களுக்கே இந்திய 78 உண்டு. பழைய தட்டுக் குவியலில் பார்லோஃபோன், கொலம்பியா லேபிளில் ஜாஸ் பெயர் கண்டால், அச்சிட்ட நாட்டை லேபிளின் விளிம்பு எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய அச்சென்றால் கடல் தாண்டி வரவழைக்கும் செலவும் உடையும் பயமும் இல்லை.

## ஈ.பி.: ஏழு அங்குலம், நான்கு உருப்படி

ஒரு பக்கம் ஆறேழு நிமிடம், இரண்டு உருப்படி. அன்று எல்.பி. விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். சம்பளம் குறைந்த இளைஞர்கள் வாங்கியது இதைத்தான், நிறுவனங்களும் அதை அறிந்தே மாடர்ன் ஜாஸை இதில் கொட்டின. டெம்போவின் இ.எக்ஸ்.ஏ. வரிசை, பை நிக்ஸாவின் என்.ஜே.இ., பார்லோஃபோனின் ஜி.இ.பி., கொலம்பியாவின் எஸ்.இ.ஜி., டெக்காவின் டி.எஃப்.இ. (DFE) ஆகிய, வெளியீட்டு எண்ணின் முன் வரும் ஐந்து எழுத்துக்கூட்டுகளை மனப்பாடம் செய்துகொண்டாலே எந்தப் பெட்டியையும் வேகமாகப் புரட்டிவிடலாம்.

ஜமைக்காவிலிருந்து 1951-இல் பிரிட்டன் வந்த ஆல்டோ சாக்சபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் அவர் கட்டற்ற வாசிப்புக்குத் திரும்பும் முன் தந்த துடிப்பான பீபாப் வாசிப்பில் பெரும்பகுதி ஈ.பி.களில்தான் கிடக்கிறது. கொலம்பியாவில் வந்த "ப்ளூ ஹாரியட்" போன்றவை. எல்.பி.யை மட்டும் சேர்ப்பவரிடம் அந்த ஹாரியட் இருக்கமாட்டார்.

ஒலியிலும் ஈ.பி. சளைத்ததல்ல. 45 வேகத்தில் ஆறு நிமிடத்தை நெருக்காமல் வெட்டியிருப்பதால் டிரம்பெட்டும் சிம்பலும் தெளிவாக நிற்கும். சாதாரண எல்.பி. ஊசியே போதும், டர்ன்டேபிளில் வேறு மாற்றம் எதுவும் தேவையில்லை. தபால் செலவு மிகக் குறைவு, உடையாது, சின்ன அலமாரியில் ஐநூறு அடங்கும்.

மறைந்திருக்கும் செலவு தேய்மானத்தில் இருக்கிறது. ஈ.பி. வாழ்ந்தது டான்செட் போன்ற பெட்டிப் பிளேயர்களில். அவற்றின் செராமிக் முனைகள் எட்டு பத்து கிராம் எடையோடு, தேய்ந்துபோன நீலமணி ஊசியோடு பள்ளத்தை உழுதன. கண்ணுக்குக் கீறல் தெரியாது. சாய்த்து விளக்கில் பார்த்தால் பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். ஓட்டினால் சத்தமான இடங்களில் மட்டும், அதுவும் பக்கத்தின் கடைசி நிமிடத்தில், சாக்சபோன் கிழியும். வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: இரண்டாம் உருப்படியின் இறுதி முப்பது நொடியைப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் உருப்படி எப்போதும் நன்றாகத்தான் கேட்கும்.

டெக்கா குழுமத்து ஈ.பி.களில் நடுத்துளையை மூடியிருக்கும் முக்கோணத் துண்டு பிய்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஜூக்பாக்ஸுக்காகப் பிடுங்கியிருப்பார்கள். அடாப்டர் வைத்து ஓட்டலாம், விலை மட்டும் இறங்க வேண்டும். டிராட் ஈ.பி. சில பவுண்டுக்குள் முடியும். டெம்போ இ.எக்ஸ்.ஏ. பல பத்து பவுண்டு கேட்கும், ஆனாலும் அதே ஆட்களின் எல்.பி.யோடு ஒப்பிட்டால் கைக்கு எட்டும் தூரம்.

## பத்து அங்குல எல்.பி.

டிராட் ஜாஸின் வீடு இது. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம், நான்கு உருப்படி. அந்த அளவு நியூ ஆர்லியன்ஸ் வழி வாசித்த குழுக்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கென் காலியர் குழுவின் முதல் டெக்கா எல்.பி. எல்.எஃப். 1152, கிறிஸ் பார்பர் குழுவின் "நியூ ஆர்லியன்ஸ் ஜாய்ஸ்" எல்.எஃப். 1198. இந்த இரண்டாவதில்தான் லானி டானகன் 1954 ஜூலை 13-இல் பதிந்த "ராக் ஐலண்ட் லைன்" ஓர் உருப்படியாக ஒளிந்திருந்தது. 1955 இறுதியில் தனித்தட்டாக வந்து, 1956-இல் 8-ஆம் இடம் பிடித்து, நாடெங்கும் ஸ்கிஃபிள் என்ற எளிய நாட்டுப்பாடல் பாணியின் அலையைக் கிளப்பியது. வரலாற்றில் இத்தனை எடையுள்ள தட்டு இன்றும் சில பவுண்டுக்குக் கிடைக்கிறது. நிறைய விற்றது என்பதே காரணம்.

எழுத்துக்கூட்டுகள்: டெக்கா எல்.எஃப்., பார்லோஃபோன் பி.எம்.டி. (PMD), கொலம்பியா 33எஸ், ஹெச்.எம்.வி. டி.எல்.பி. (DLP), நிக்ஸா என்.ஜே.டி. (NJT), டெம்போ எல்.ஏ.பி., எஸ்கொயர் 20 வரிசை.

இங்கே கவனிக்க மூன்று. தானியங்கி டர்ன்டேபிள்கள் பலவற்றுக்கு 30 செ.மீ., 17 செ.மீ. என்ற இரண்டு அளவுதான் தெரியும், பத்து அங்குலத் தட்டில் ஊசியை வெளியே இறக்கி உடைத்துவிடும். கையால் இறக்கும் வகை வேண்டும். அடுத்து, 1955-க்கு முந்திய டெக்கா எல்.பி.யின் வளைவு ஆர்.ஐ.ஏ.ஏ. அல்ல. உச்ச ஒலியின் குறைப்பு 10,000 ஹெர்ட்ஸில் சுமார் 11 டெசிபல்தான் தேவை, ஆர்.ஐ.ஏ.ஏ. அதைவிடக் கூடுதலாகக் குறைத்துவிடும். உச்ச ஒலிக் குமிழைச் சற்றுத் திருப்பினால் கிளாரினெட் தெளிந்துவிடும், இதற்காகத் தனிக் கருவி வாங்க வேண்டாம். மூன்றாவது உறை. பத்து அங்குல உள்ளுறையை எல்லாக் கடையும் வைத்திருப்பதில்லை, பன்னிரண்டு அங்குல உறையில் போட்டால் தட்டு ஆடி ஆடி உராயும். மேலுறைக்குப் பி.வி.சி. பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி வினைலில் படிந்து மங்கல் ஏற்றும். பாலிதீன் அல்லது பாலிப்ராப்பிலீன் போதும்.

## பன்னிரண்டு அங்குல எல்.பி.

டோனி ஹால் தயாரித்த டெம்போ டி.ஏ.பி. (TAP) வரிசையே இங்கே எல்லோருடைய கனவு. டப்பி ஹேய்ஸின் "ஆஃப்டர் லைட்ஸ் அவுட்" டி.ஏ.பி. 6, டிஸ்ஸி ரீஸின் "புரோகிரஸ் ரிப்போர்ட்" டி.ஏ.பி. 9, ஹேய்ஸும் ரானி ஸ்காட்டும் 1957-இல் கூட்டிய ஜாஸ் கூரியர்ஸின் டி.ஏ.பி. 15, லண்டன் டொமினியன் அரங்கில் 1958-இல் பதிந்த கச்சேரி டி.ஏ.பி. 22. அமெரிக்கக் கலைஞர்களைப் பிரிட்டனில் வாசிக்கவிடாமல் 1935 முதல் 1956 வரை இருந்த இசைக்கலைஞர் சங்கத் தடையின் நிழலில், தட்டுகளைக் கேட்டே பீபாப் கற்ற தலைமுறை தன் முழு உயரத்தைக் காட்டியது இந்தத் தட்டுகளில்தான். கூரியர்ஸ் கலைந்தது 1959 ஆகஸ்டில். அதே ஆண்டு அக்டோபர் 30-இல் ஜெரார்ட் தெருவில் ரானி ஸ்காட்டின் கிளப் திறந்தது.

இசை உயர்ந்தது, எண்ணிக்கை மிகக் குறைவு. அசல் அச்சு பல நூறு பவுண்டு, நல்ல நிலையில் சில ஆயிரத்தைத் தாண்டும். இந்த விலையில் வாங்கியபின் அதை ஓட்டவே பலர் அஞ்சுகிறார்கள். தபால் காப்பீடும் சுங்கமும் விலையோடு சேர்ந்தே ஏறும். உறையின் மினுமினுப்புப் படலம் பிரிந்திருந்தால், பின்பக்க மடிப்பு கிழிந்திருந்தால் விலையில் பெரும்பங்கு போய்விடும், ஒலியில் ஒரு வித்தியாசமும் இல்லாமலே. அதாவது இங்கே நீங்கள் விலை கொடுப்பது பெரும்பாலும் அட்டைக்கு. அட்டையை நேசிப்பது தவறல்ல, அது அட்டையின் விலை என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாப் பன்னிரண்டு அங்குலமும் இப்படி இல்லை. பார்பர், லிட்டல்டன், டாங்க்வொர்த் எல்.பி.கள் நிறையவே விற்றவை, விலையும் எட்டும். 1958 முதல் ஸ்டீரியோவும் வந்தது, ஆனால் இந்தக் காலத்து பிரிட்டிஷ் ஜாஸின் பெரும்பகுதி மோனோ. மோனோ தட்டை மோனோ கார்ட்ரிட்ஜில் ஓட்டுங்கள், இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயரில் இரு தடத்தையும் ஒன்றாக்குங்கள். பள்ளத்தின் மேல்கீழ் அசைவில் வரும் சத்தம் ரத்தாகும், தேய்ந்த தட்டில் இந்த ஒரு சுவிட்ச் தரும் ஆறுதல் பெரிது. 1 மில் ஊசி தேய்த்த பள்ளத்தில் 0.7 மில் முனை சற்றுக் கீழே, தேயாத சுவரில் போய் அமரும். அதனால் கிழிசல் கேட்டவுடன் தட்டைப் பழிக்காமல் ஊசியை மாற்றிப் பாருங்கள். சரே மாகாணத்து ஆஷ்டெட்டில் உள்ள எக்ஸ்பர்ட் ஸ்டைலஸ் நிறுவனம் கேட்ட அளவில் முனை செய்து தருகிறது. 78-க்கும் இதே தந்திரம் பலிக்கும்.

## மறுவெளியீடு

டிராட் பக்கம் லேக், மாடர்ன் பக்கம் ஜாஸ்மின், அக்ரோபாட், புராப்பர் போன்ற லேபிள்கள் ஐம்பதுகளின் பதிவுகளைக் குறுந்தகட்டில் தந்திருக்கின்றன. டெம்போ இசையை மட்டும் கேட்க வேண்டும் என்றால் இதைவிட நேர்மையான வழி இல்லை. ஒரு அசல் தட்டின் தபால் செலவில் நான்கு தட்டின் இசை வந்துவிடும்.

சோதிக்க வேண்டியது மூலம் எது என்பதை. மூல நாடாவா, தட்டிலிருந்து எடுத்ததா, எந்தத் தட்டு என்று உள்ளேட்டில் எழுதியிருப்பவரை நம்பலாம். ஒன்றும் எழுதாமல் அழகான அட்டையோடு வரும் புதிய வினைல் சில, வேறொருவர் குறுந்தகட்டிலிருந்து எடுத்து அச்சிட்டவை. சிம்பல் அடித்தபின் வரும் ஒலி நீருக்கடியில் கேட்பதுபோல் குழைந்தால் இரைச்சல் நீக்கியை மிஞ்சிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதைவிடக் கரகரக்கும் 78 மேல்.

## ஒரு பார்வையில்

| | 78 | ஈ.பி. | 10 அங்குலம் | 12 அங்குலம் | மறுவெளியீடு |
|---|---|---|---|---|---|
| ஒரு பக்கம் | 3 நிமிடம் | 6–7 | 12–15 | 20 சுமார் | – |
| ஊசி | 3 மில் | 1 அல்லது 0.7 | 1 அல்லது 0.7 | 1 அல்லது 0.7 | தேவைப்படாது |
| வளைவு | ஆண்டுக்கு ஆண்டு மாறும் | பெரும்பாலும் ஆர்.ஐ.ஏ.ஏ. | 1955-க்கு முன் வேறு | பெரும்பாலும் ஆர்.ஐ.ஏ.ஏ. | – |
| விலை | மிகக் குறைவு | குறைவு. டெம்போ கூடுதல் | குறைவு | டெம்போ மிக அதிகம் | குறைவு |
| பெரிய ஆபத்து | உடைதல் | கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் | தானியங்கிக் கருவி | அட்டைக்குத் தரும் விலை | மூலம் தெரியாமை |
| யாருக்கு | பதிந்து பகிர்பவருக்கு | மாடர்ன் தேடுபவருக்கு | டிராட் தேடுபவருக்கு | ஒன்றிரண்டை உயிராய் நேசிப்பவருக்கு | கேட்க மட்டும் விரும்புபவருக்கு |

## பகிர்வதில் எந்த வழி

இங்கேயும் தேர்வு இருக்கிறது: தட்டையே மாற்றிக்கொள்வது, பதிந்த கோப்பை நண்பர்களுக்குத் தருவது, இணையத்தில் எல்லோருக்கும் வைப்பது, காப்பகத்துக்குக் கொடுப்பது.

சட்டத்தை முதலில் பார்ப்போம். பிரிட்டனில் 2013 நவம்பரில் ஒலிப்பதிவு உரிமை 50-லிருந்து 70 ஆண்டானது, ஆனால் அதற்குள் காலாவதியானவற்றுக்கு உயிர் திரும்பவில்லை. ஆகவே 1962 முடிவுக்குள் வெளியான பதிவுகள் அங்கே பொதுச்சொத்து. இந்தியாவில் வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு, ஐம்பதுகளின் வெளியீடுகள் இங்கும் கடந்துவிட்டன. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. 2018-இன் சட்டப்படி 1947 முதல் 1956 வரை வெளியானவற்றுக்கு 110 ஆண்டு, 1957 முதல் 1972 பிப்ரவரி 15-க்கு முன்வரையானவற்றுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு. பெரிய பகிர்வுத் தளங்கள் பல அமெரிக்காவில் இயங்குபவை. அங்குள்ள இன்டர்நெட் ஆர்க்கைவின் 78 தட்டுத் திட்டத்தின் மீது 2023-இல் பெரிய இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. வைக்கும் இடம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

பதிவு வேறு, மெட்டு வேறு. டப்பி ஹேய்ஸும் ஜோ ஹாரியட்டும் 1973-இல் இறந்தார்கள். அவர்கள் சொந்தமாக எழுதிய மெட்டுகளுக்குப் பிரிட்டனில் 2043 முடியும் வரை உரிமை உண்டு, இந்தியாவில் 2033 முடியும் வரை. உறையின் படமும் பின்பக்கக் கட்டுரையும் தனி உரிமைகள். இன்றைய மறுவெளியீட்டின் கோப்பை எடுத்துப் பரப்புவதை எந்த நிலையிலும் தவிர்க்க வேண்டும். அந்தச் சின்ன லேபிள்கள் விற்றால்தான் அடுத்த தட்டு வரும். நீங்கள் பகிர்வது உங்கள் கையில் உள்ள அசலிலிருந்து நீங்களே பதிந்ததாக இருக்கட்டும், அதிலும் எங்கும் மறுபடி வராததற்கு முதலிடம் கொடுங்கள்.

இந்த அளவுகோலில் 78-உம் ஈ.பி.யும் எல்.பி.யை விஞ்சுகின்றன. மறக்கப்பட்டவை அவற்றில்தான் அதிகம், மூன்று நிமிடத்தைப் பதிந்து சீர்செய்வதும் ஒரு மாலை வேலை.

காப்பகத்துக்குத் தருபவர் இடம் பார்த்துத் தர வேண்டும். எசெக்ஸ் லவ்டனில் உள்ள நேஷனல் ஜாஸ் ஆர்க்கைவ் முக்கியமாக நூல், இதழ், புகைப்படம் போன்ற அச்சுப்பொருள்களுக்கானது. உங்களிடம் கச்சேரித் துண்டறிக்கைகள் இருந்தால் அதுவே இடம். ஒலிப்பதிவுக்கு லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியின் ஒலிக் காப்பகம். இரண்டுக்கும் முதலில் பட்டியலை அனுப்பிக் கேளுங்கள், ஏற்கெனவே இருப்பதை வாங்கமாட்டார்கள்.

பதியும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். இந்த அளவில் ஸ்டீரியோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 மெகாபைட், மூன்று நிமிட 78-க்கு நூற்றுச் சொச்சம், 40 நிமிட எல்.பி.க்கு 1.4 கிகாபைட். ஃபிளாக் வடிவில் சுருக்கினால் பெரிதும் குறையும், தரம் குறையாது. தட்டு மோனோ ஆனாலும் பதிவை ஸ்டீரியோவாகவே எடுங்கள். பள்ளத்தின் ஒரு சுவர் மற்றதைவிட நல்ல நிலையில் இருக்கும், பிறகு அந்தத் தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அளவுமானியில் உச்சத்துக்குக் கீழே 10 டெசிபல் இடம் விடுங்கள், இல்லையென்றால் கீறலால் வரும் ஒவ்வொரு சொடுக்குச் சத்தமும் முகட்டை வெட்டிவிடும். சொடுக்கு நீக்கத்தை வளைவு போடும் முன் செய்தால் சொடுக்கு கூர்மையாக நிற்கும், மென்பொருள் எளிதில் பிடிக்கும்.

சீர்செய்த கோப்போடு சீர்செய்யாத மூலத்தையும் சேர்த்தே கொடுங்கள். பத்து ஆண்டு கழித்து உங்களைவிட நல்ல கருவி வைத்திருப்பவர் அதிலிருந்து மறுபடி தொடங்கலாம். கோப்போடு ஒரு சிறு உரைக்கோப்பு: லேபிள், வெளியீட்டு எண், லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் பொறித்த மாட்ரிக்ஸ் எண் (அந்தப் பக்கத்தின் அடையாள எண்), தட்டின் நிலை, ஊசி முனையின் அளவு, ஓட்டிய வேகம், போட்ட வளைவு. இ.எம்.ஐ. தட்டில் அந்த வெற்றிடத்தில் ஜி, ஆர், ஏ, எம், ஓ, பி, ஹெச், எல், டி, டி (GRAMOPHLTD) என்ற எழுத்துகள் ஒன்று முதல் பத்து வரையான ஸ்டாம்பர் எண்ணை, அதாவது தட்டை அச்சிட்ட உலோக அச்சின் எண்ணைக் குறிக்கும். டெக்கா தட்டில் 'பக்கிங்ஹாம்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகள் பத்தும் 1 முதல் 9, பிறகு 0. இந்த எழுத்தையும் குறித்துவையுங்கள். இரண்டு பேர் ஒரே தட்டைப் பதிந்து ஒப்பிடும்போது, ஒலியின் வித்தியாசம் ஊசியாலா, முந்திய அச்சு பிந்திய அச்சு என்பதாலா என்று பிரித்துச் சொல்ல அது உதவும்.